பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள முஸ்லிம் குடும்பம்: ஃபராயிளா, ஹிபாவா, வஸிய்யத்தா, சிறப்புத் திருமணச் சட்டமா?

ஆண் பிள்ளை இல்லாத முஸ்லிம் பெற்றோர் பலர் இப்போது ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கிறார்கள். "எங்களுக்கு இரண்டும் பெண். அத்தா மௌத்தாகிவிட்டால் (இறந்துவிட்டால்) வீட்டில் சாச்சாவுக்கும் (தந்தையின் தம்பிக்கும்) பங்கு வரும் என்கிறார்களே, உண்மையா? இப்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிடலாமா? இல்லை, கேரளத்தில் அந்த வழக்கறிஞர் செய்ததுபோல் செய்யலாமா?" அவர்கள் குறிப்பிடும் வழக்கறிஞர் காசர்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த சி. ஷுக்கூர். 1994இல் நிக்காஹ் செய்துகொண்ட அவரும் அவருடைய மனைவி ஷீனாவும், தங்கள் மூன்று மகள்களுக்கே சொத்து முழுவதும் சேர வேண்டும் என்று வெளிப்படையாக அறிவித்து, 2023 மார்ச் 8 அன்று சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மீண்டும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஆலிம்களிடமிருந்து (மார்க்க அறிஞர்களிடமிருந்து) கடும் எதிர்ப்பு வந்தது, பாராட்டும் வந்தது. அந்த வாக்குவாதத்தில், சொத்து உண்மையில் எத்தனை பங்காகப் பிரிகிறது, யார் கையில் எவ்வளவு சேர்கிறது என்ற கணக்கைப் பலர் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டால்தான் எந்த வழி நமக்குப் பொருந்தும் என்பது தெரியும். வழிகள் நான்கு: இஸ்லாமிய வாரிசுப் பங்கீடான ஃபராயிள், வாழும்போதே கொடுக்கும் அன்பளிப்பான ஹிபா, உயிலான வஸிய்யத், எல்லா மதத்தவருக்கும் பொதுவான சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிதல்.

இக்கட்டுரை தமிழ்நாட்டில் வாழும் சுன்னத் வல் ஜமாஅத் (சுன்னி) குடும்பங்களை, அதாவது ஹனஃபி, ஷாஃபி என்னும் மத்ஹபுகளை (மார்க்கச் சட்ட மரபுகளை) பின்பற்றுவோரை, மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஷியா சட்டத்தில் மகள் இருந்தால் இறந்தவரின் உடன்பிறந்தாருக்குப் பங்கு இல்லை என்பதால் இந்தக் கேள்வியே அங்கு எழுவதில்லை. இலங்கையில் வாரிசுரிமைக்குத் தனிச் சட்டம் இருப்பதால் அங்குள்ளவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

## எதைக் கொண்டு எடை போடுவது

முதல் அளவுகோல், யாரைக் காப்பாற்ற நினைக்கிறோம் என்பது. மகள்களையா, மனைவியையா, வயதான உம்மாவையா? மூவருக்கும் ஒரே வழி பொருந்துவதில்லை. இரண்டாவது, உயிரோடு இருக்கும்வரை சொத்து நம் கட்டுப்பாட்டில் இருக்குமா என்பது. மூன்றாவது, மார்க்க அடிப்படையில் மனம் ஒப்புமா, ஊர் ஜமாஅத்தில் தலை நிமிர்ந்து நிற்க முடியுமா என்பது. இதைச் சிலர் சிறிய விஷயமாக நினைக்கிறார்கள், ஆனால் நாளை மகளின் நிக்காஹ் அதே பள்ளிவாசல் பதிவேட்டில்தான் எழுதப்பட வேண்டும். நான்காவது, சார்பதிவாளர் அலுவலகத்திலும் வங்கியிலும் நீதிமன்றத்திலும் அந்த ஏற்பாடு நிற்குமா என்பது. ஐந்தாவது செலவும், மனம் மாறினால் திரும்பி வர முடியுமா என்பதும்.

ஆறாவதாக ஒன்று உண்டு. அதைச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள். சொத்து உண்மையில் யாருடைய உழைப்பில் வந்தது? அண்ணன் தம்பி மூவர் சேர்ந்து நடத்திய கடையின் வருமானத்தில் வாங்கிய மனை, வசதிக்காக ஒருவர் பெயரில் பத்திரம் ஆகியிருக்கும். அந்த மனையை "என் பிள்ளைகளுக்கு" என்று எழுதிவைப்பது மகள்களின் உரிமையைக் காப்பதாகாது. உடன்பிறந்தாரின் பணத்தை எடுத்துக்கொள்வதாகும். அத்தகைய சொத்தில் முதலில் பாகப்பிரிவினை, அதன் பிறகுதான் மற்றவை.

## வழி 1: ஃபராயிள்படியே விட்டுவிடுவது

எதுவும் எழுதாமல் ஒருவர் மௌத்தானால், 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி அவருடைய சொத்து ஃபராயிள் பங்குகளாகப் பிரியும். அந்த மத்தியச் சட்டம் விவசாய நிலத்தை விலக்கிவைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அந்த விலக்கை நீக்கிவிட்டதால், தமிழ்நாட்டில் நன்செய், புன்செய் நிலங்களுக்கும் இதே பங்குதான்.

கடன், மஹர் (மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடை) பாக்கி, அடக்கச் செலவு எல்லாம் போக 72 லட்சம் ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகள்கள், ஒரு தம்பி, ஒரு தங்கை இருக்கிறார்கள், பெற்றோர் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, 9 லட்சம். மகள்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, 48 லட்சம், ஆளுக்கு 24. மீதி 15 லட்சம் அசபா என்னும் எச்சப் பங்காளிகளான உடன்பிறந்தாருக்கு: தம்பிக்கு 10, தங்கைக்கு 5.

இதே குடும்பத்தில் இறந்தவரின் உம்மா உயிரோடு இருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று, 12 லட்சம். அப்போது உடன்பிறந்தாருக்கு எஞ்சுவது 3 லட்சம் மட்டுமே. வாப்பா இருந்தால் உடன்பிறந்தாருக்கு ஒன்றுமே இல்லை. எச்சம் அவருக்கே போய்விடும். ஆக, "சாச்சா வந்து பாதி வீட்டை எடுத்துக்கொள்வார்" என்ற பயம் பல குடும்பங்களில் கணக்கு தெரியாததால் வரும் பயம். ஆனால் ஒரே ஒரு மகள் இருக்கும் குடும்பத்தில் அந்தப் பயத்துக்கு இடமுண்டு. அங்கே மகளுக்குப் பாதி, 36 லட்சம், மனைவிக்கு 9, உடன்பிறந்தாருக்கு 27 லட்சம் போகிறது.

இந்தப் பங்கீடு எந்தச் சூழலில் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. உஹதுப் போரில் ஷஹீதான (உயிர்நீத்த) ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரண்டு பெண் குழந்தைகளோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, பிள்ளைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்று முறையிட்டார். அப்போது வந்த தீர்ப்புதான் மகள்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, மீதி அவருக்கு என்பது. முழுவதையும் எடுத்துக்கொண்ட ஒருவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பிப் பெண்களை முன்னிறுத்திய சட்டம் இது. அந்தக் கடைசிப் பங்கோடு ஒரு கடமையும் பிணைந்திருந்தது: அநாதையான பெண் பிள்ளைகளுக்கு உண்ணக் கொடுத்து, வலியாக (மணப்பெண்ணின் பொறுப்பாளராக) நின்று மணமுடித்துவைக்கும் பொறுப்பு தந்தை வழி ஆண்களுடையது. சென்னையிலோ துபாயிலோ தனித்தனியாக வாழும் இன்றைய குடும்பங்களில் அந்தக் கடமை பெரும்பாலும் மறைந்துவிட்டது. பங்கு மட்டும் நிற்கிறது. பெற்றோரின் மனக்குறை இங்கிருந்துதான் வருகிறது. அதை மார்க்கப் பற்றின்மை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

வேறு நாடுகள் இந்த இடத்தில் வசனத்தையே வேறு விதமாகப் படித்திருக்கின்றன. துனீசியா 1959இல் தன் குடும்பச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, எச்சத்தையும் மகளுக்கே திருப்பித் தரும் வழியை ஏற்றது. இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் 1994இல், அந்நிஸா அத்தியாயத்தின் கடைசி வசனம் "பிள்ளை இல்லாதவர்" என்று சொல்லும்போது மகளும் பிள்ளைதான், ஆகவே மகள் இருந்தால் இறந்தவரின் உடன்பிறந்தாருக்குப் பங்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் சட்டமன்றமும் சரி, நீதிமன்றமும் சரி, சுன்னிகளுக்கு இப்படியொரு வாசிப்பை ஏற்கவில்லை. அதனால் இவை விவாதத்துக்கு வலு சேர்க்கலாமே தவிர, இன்று முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்குக் கைகொடுக்காது.

இந்த வழியின் மறைமுகச் செலவு, மௌத்துக்குப் பிறகுதான் தெரியும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் மனைவி, மகள்கள் பெயர்கள் மட்டும் இருக்கும். குடும்பமும் நிம்மதியாக இருந்துவிடும். பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, வாங்குபவரின் வழக்கறிஞர் தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் புரட்டிவிட்டு, "இறந்தவருக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா? அவர்களிடம் விடுதலைப் பத்திரம் வாங்கி வாருங்கள்" என்பார். அதற்குள் சாச்சாவும் மௌத்தாகியிருந்தால் அவருடைய மனைவி, மக்கள் என்று ஏழெட்டுப் பேரின் கையெழுத்து வேண்டும். அவர்களில் இருவர் வெளிநாட்டில் இருப்பார்கள், ஒருவர் மைனராக இருப்பார். வங்கிக் கணக்கில் நாமினி போட்டிருந்தால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. வைப்புத் தொகையின் நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவரே அன்றி உரிமையாளர் அல்லர்.

பெற்றோர் உயிரோடு இருக்கும் குடும்பத்துக்கும், உடன்பிறந்தார் உண்மையிலேயே தோள் கொடுத்து நிற்கும் குடும்பத்துக்கும் இந்த வழி போதுமானது. மௌத்தான சில மாதங்களுக்குள் எல்லாரும் உட்கார்ந்து, பங்கை வாங்கியோ விட்டுக்கொடுத்தோ பதிவுப் பத்திரத்தில் முடித்துவிட வேண்டும். தமக்கு வரப்போகும் பங்கை, அண்ணன் உயிரோடு இருக்கும்போதே தம்பி வெறுமனே "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக்கொடுப்பது சட்டப்படி செல்லாது. ஆனால் அதற்கு ஈடாக ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுத்திருந்தால், பிறகு பங்கு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஒரு ராவுத்தர் குடும்ப வழக்கில் உறுதிசெய்தது.

## வழி 2: வாழும்போதே ஹிபா

ஃபராயிள் என்பது மௌத்துக்குப் பின் எஞ்சியிருப்பதற்குத்தான். வாழும்போது தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வஸிய்யத்துக்கு உள்ள மூன்றில் ஒன்று என்ற வரம்பும் இல்லை. மார்க்க வரம்புக்குள் நின்றுகொண்டே மகள்களுக்கு முழுப் பாதுகாப்புத் தரக்கூடிய வழி இதுவே என்பதால், எல்லா வழிகளிலும் இதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹிபாவுக்கு மூன்று உறுப்புகள்: கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, ஏற்கிறேன் என்ற ஒப்புதல், அனுபவத்தை, அதாவது சொத்தின் கைவசத்தை, ஒப்படைத்தல். வாய்மொழி ஹிபாவும் செல்லும், பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பதிவு செய்யாமல் விடாதீர்கள். பட்டா மாற்றம், வங்கிக் கடன், பின்னாளில் விற்பனை ஆகிய எல்லாம் பத்திரத்தைத்தான் கேட்கும். குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் அவற்றின் உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பத்திரம் ஒவ்வொன்றுக்கும் இது தனித்தனி. எழுதும் நாளில் நடப்பில் உள்ள கட்டணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹிபா தோற்றுப்போவது பெரும்பாலும் மூன்றாவது உறுப்பில்தான். பத்திரத்தைப் பதிந்து பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, வாடகையைத் தாமே வாங்கிக்கொண்டு, வீட்டு வரி ரசீதையும் மின் இணைப்பையும் தம் பெயரிலேயே வைத்திருந்தால், "ஒப்படைப்பு நடக்கவே இல்லை" என்று பின்னாளில் வழக்குத் தொடுக்க வழி பிறக்கும். எல்லாரும் ஒரே வீட்டில் குடியிருந்தால் தந்தை வெளியேற வேண்டியதில்லை. வரி, பட்டா, மின் இணைப்பு ஆகியவற்றை மகள் பெயருக்கு மாற்றினால் ஒப்படைப்புக்குச் சான்றாகும். மைனர் மகளுக்குத் தந்தை கொடுக்கும்போது தந்தையே காப்பாளர் என்பதால் அவருடைய அனுபவமே மகளின் அனுபவமாகக் கொள்ளப்படும்.

ஹனஃபிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பிரிக்கக்கூடிய சொத்தைப் பிரிக்காமல் இருவருக்குப் பொதுவாகக் கொடுப்பதை அந்த மத்ஹபு குறையுள்ள ஹிபாவாகக் கருதுகிறது. கீழ்த்தளம் மூத்தவளுக்கு, மாடி இளையவளுக்கு என்று எல்லை குறித்துத் தனித்தனிப் பத்திரமாக எழுதிவிட்டால் சிக்கல் தீரும். ஷாஃபிகளுக்கு இந்தத் தடை இல்லை.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்குத் திருமணத்தின்போதே வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. ஃபராயிளில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், கடற்கரை முஸ்லிம்கள் பெண்களைச் சொந்தக் கூரையின் கீழ் நிறுத்தியது இந்த வழியில்தான். வீடு கட்டித் தர முடியாத தந்தையின் முதுகை இந்த வழக்கம் ஒடிக்கிறது என்பதும் உண்மை. அந்தச் சுமையைப் பிற ஊர்களுக்கு ஏற்றுமதி செய்யச் சொல்லவில்லை. பெண்ணுக்கு வாழும்போதே கொடுப்பது மார்க்கத்துக்குப் புறம்பான தந்திரம் என்று சொல்வோருக்கு இதை நினைவூட்டுகிறேன், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குள் வேறுபாடு காட்டக் கூடாது. ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டுச் சாட்சிக்கு அழைத்த பஷீர் (ரலி) அவர்களிடம், மற்ற பிள்ளைகளுக்கும் அப்படியே கொடுத்தீரா என்று கேட்டு, பிள்ளைகளிடையே நீதியாக நடந்துகொள்ளுங்கள் என்று நபிகளார் (ஸல்) சொன்ன ஹதீஸ் இங்கே சட்டமும் மனச்சாட்சியும் ஆகும்.

மறைமுகச் செலவுகள் கடுமையானவை. அனுபவம் ஒப்படைத்துவிட்டால், ஹனஃபி சட்டத்தில் மகளுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. மகள் தந்தைக்கு முன்னதாக மௌத்தானால், அந்த வீட்டில் மருமகனுக்குக் கால் பங்கு, குழந்தை இல்லாவிட்டால் பாதி போகும். மனைவிக்கோ மைனர் மகளுக்கோ கொடுத்த சொத்தின் வாடகை, வருமான வரிக் கணக்கில் கொடுத்தவர் அல்லது பெற்றோர் தலையிலேயே சேரும். முதுமையில் கைவிடப்படும் அபாயமும் உண்டு. இதற்கு இரண்டு காப்புகள் உள்ளன. ஒன்று, சொத்தின் உரிமையைக் கொடுத்து, வாழ்நாள் முழுவதும் குடியிருக்கவும் வருமானத்தை அனுபவிக்கவும் உள்ள உரிமையைத் தமக்கும் மனைவிக்கும் நிறுத்திக்கொண்டு எழுதுவது. சொத்தும் அதன் பலனும் வேறு வேறு என்ற அடிப்படையில் நீதிமன்றங்கள் இதை ஏற்றிருக்கின்றன. இரண்டு, "பெற்றோரைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுவது. அப்படி எழுதியிருந்தால், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிப்பு மறுக்கப்படும்போது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகிப் பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம்.

## வழி 3: வஸிய்யத்

வஸிய்யத் எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களே அதிகம். இந்தத் தேவைக்கு மிகக் குறைவாக உதவுவதும் அதுதான். மூன்றில் ஒன்றுக்கு மேல் எழுத முடியாது. சுன்னி சட்டத்தில் வாரிசுக்கு எழுதும் வஸிய்யத், மற்ற வாரிசுகள் மௌத்துக்குப் பிறகு சம்மதித்தால்தான் செல்லும். மகள் வாரிசு என்பதால், மகளுக்கு எழுதும் உயில் கடைசியில் சாச்சாவின் சம்மதத்தில்தான் வந்து நிற்கும். ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள், ஒரு மகளைத் தவிர எனக்கு வாரிசு இல்லையே என்று சொல்லி, எவ்வளவு தர்மம் செய்யலாம் என்று கேட்டபோதுதான் "மூன்றில் ஒன்று, அதுவே அதிகம்" என்ற பதில் வந்தது. வரம்பின் நோக்கமே வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடாமல் காப்பது.

ஆனால் ஒரு நல்ல பயன்பாடு உண்டு. மகளின் பிள்ளைகள், அதாவது பேரன் பேத்திகள், இந்தக் குடும்ப அமைப்பில் வாரிசுகள் அல்லர். ஆகவே மூன்றில் ஒன்றை அவர்களுக்கு எழுத யாருடைய சம்மதமும் வேண்டாம். 72 லட்சத்தில் 24 லட்சத்தை அவர்களுக்கு எழுதினால், மீதி 48 லட்சம் ஃபராயிள்படி பிரியும். உடன்பிறந்தாருக்கு 15 லட்சம் போக வேண்டிய இடத்தில் 10 லட்சம் போகும். எடுத்து வளர்த்த பிள்ளைக்கும், வேறு மகன் உயிரோடு இருக்கும் வீட்டில் தந்தைக்கு முன்பே மௌத்தான மகனின் அநாதைக் குழந்தைகளுக்கும்கூட வஸிய்யத்தே முதன்மையான வழி. எழுத ஏறத்தாழச் செலவில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

## வழி 4: சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிதல்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரும் செய்யும் கட்டாயத் திருமணப் பதிவு வேறு. அது நிக்காஹுக்கு அரசுச் சான்று தருகிறதே தவிர வாரிசுரிமையைத் தொடுவதில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 15ஆம் பிரிவின் கீழ், ஏற்கெனவே நடந்த நிக்காஹைப் பதிந்தால்தான், 21ஆம் பிரிவின்படி அந்தத் தம்பதியின் சொத்து 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குள் போகும். விண்ணப்பித்த பிறகு 30 நாள் பொது அறிவிப்பு, ஆட்சேபம் இருந்தால் விசாரணை, மூன்று சாட்சிகள், செலவு சொற்பம்.

அந்தச் சட்டத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. ஆண் பெண் வேறுபாடு இல்லை. நம் எடுத்துக்காட்டில் மனைவிக்கு 24 லட்சம், மகள்களுக்கு 48 லட்சம். அதாவது மகள் ஒவ்வொருத்திக்கும் 24 லட்சம். ஃபராயிளிலும் இதே 24 லட்சம்தான்! இரண்டோ அதற்கு மேலோ மகள்கள் இருக்கும் வீட்டில், இந்தப் பதிவால் மகள்களின் நேரடிப் பங்கு ஒரு ரூபாய்கூட உயர்வதில்லை. உயர்வது மனைவியின் பங்கு: 9 லட்சம் 24 லட்சமாகிறது. "மகள்களுக்காகச் சிறப்புத் திருமணச் சட்டம்" என்று பேசும்போது இந்த உண்மை பேசப்படுவதே இல்லை. கணவன் மௌத்தான பிறகு பல ஆண்டுகள் தனித்து வாழப்போகும் பெண்ணுக்கு எட்டில் ஒன்று போதுமா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. ஒரே மகள் உள்ள வீட்டில் மட்டும் மகளின் பங்கும் 36இலிருந்து 48 லட்சமாக உயர்கிறது. பல மகள்கள் உள்ள வீட்டில் தாயின் கூடுதல் பங்கு பின்னாளில் மகள்களுக்கே வரும் என்பதும், சொத்து முழுவதையும் உயில் எழுதும் உரிமை கிடைக்கிறது என்பதும் இந்த வழியின் பிற நன்மைகள்.

| யார் | ஃபராயிள், இரு மகள்கள் | சிறப்புத் திருமணச் சட்டம், இரு மகள்கள் | ஃபராயிள், ஒரே மகள் | சிறப்புத் திருமணச் சட்டம், ஒரே மகள் |
|---|---|---|---|---|
| மனைவி | 9 லட்சம் | 24 லட்சம் | 9 லட்சம் | 24 லட்சம் |
| மகள்(கள்) மொத்தம் | 48 லட்சம் | 48 லட்சம் | 36 லட்சம் | 48 லட்சம் |
| உடன்பிறந்தார் (உம்மா இல்லாதபோது) | 15 லட்சம் | இல்லை | 27 லட்சம் | இல்லை |
| உம்மா உயிரோடு இருந்தால் அவருக்கு | 12 லட்சம் | இல்லை | 12 லட்சம் | இல்லை |

கடைசி வரிசையை இரண்டு முறை படியுங்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய் தந்தைக்கு எதுவும் கிடையாது. கொழுந்தனுக்குப் போகும் பங்கைத் தடுக்கப்போய், பெற்ற உம்மாவின் ஆறில் ஒரு பங்கையும் வெட்டிவிடுகிறோம். பதிந்துகொள்பவர்கள் பெற்றோருக்காக அன்றே ஓர் உயில் எழுதிவைக்க வேண்டும். அதை எழுதாமல் இந்த வழியில் போவதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

வேறு தடைகளும் உண்டு. தாய்மாமன் மகள், மாமி மகன், சாச்சா மகள் என்று நெருங்கிய உறவில் நிக்காஹ் செய்தவர்கள் இந்தப் பதிவைச் செய்ய முடியாது. அச்சட்டத்தின் அட்டவணை அந்த உறவுகளைத் தடைசெய்யப்பட்ட உறவுகளாக வரிசைப்படுத்துகிறது. அச்சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன் நடந்த திருமணங்களுக்கு மட்டுமே வழக்காற்றைக் காட்டி 15ஆம் பிரிவில் விலக்குப் பெற முடியும். தமிழ் முஸ்லிம்களிடையே இத்தகைய திருமணம் எவ்வளவு சாதாரணம் என்பதை எண்ணிப் பாருங்கள். அடுத்து, பதிந்தபின் மணவிலக்கு நீதிமன்றத்தில்தான். தலாக்கும் இல்லை, இரண்டாம் திருமணமும் இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இதை இழப்பாக அல்லாமல் பாதுகாப்பாகவே காண்பார்கள். இன்னொன்றைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை: 21ஆம் பிரிவு அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளின் சொத்துக்கும் சேர்த்தே பேசுகிறது. நாளை மகள் தன் விருப்பப்படி ஃபராயிளைப் பின்பற்ற நினைத்தாலும், தானாகப் பிரியும் அவள் சொத்து இந்தச் சட்டத்தின் வழியே போகும். வேண்டுமென்றால் அவள் உயில் எழுத வேண்டும்.

ஆலிம்களில் பெரும்பாலோர், வாரிசுப் பங்கைத் தவிர்க்கும் நோக்கத்தோடு செய்யும் இந்தப் பதிவை அல்லாஹ் விதித்த எல்லையை மீறுவதாகவே பார்க்கிறார்கள். அந்தக் கருத்தை மதித்து நடக்க விரும்புகிறவர்களுக்கு இது உரிய வழி அல்ல. வாழ்நாள் முழுவதும் உள்ளம் உறுத்தும். அந்த உறுத்தல் இல்லாதவர்களை மார்க்கத்தைவிட்டுப் போனவர்களாகப் பேசுவதையும் ஊர் நிறுத்த வேண்டும். நாட்டின் சட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவைத்த வாசல் அது.

## குடும்ப வக்ஃபு பற்றி ஒரு வரி

வக்ஃப் அலல் அவ்லாத் என்ற குடும்ப வக்ஃபை (குடும்பத்தினரின் பயனுக்காகச் சொத்தை நிரந்தரமாக அர்ப்பணிப்பதை) 1913ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுபடியாக்கியது. 2025ஆம் ஆண்டு வக்ஃபுத் திருத்தச் சட்டம், இத்தகைய வக்ஃபு எந்த வாரிசின் உரிமையையும் மறுப்பதாக இருக்கக் கூடாது என்கிறது. உடன்பிறந்தாரும் வாரிசுகளே என்று வாதிட இடமிருப்பதால், இந்தத் தேவைக்காக இப்போது புதிதாக அதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## யாருக்கு எது

இரண்டு அல்லது மூன்று மகள்கள், ஒரு சொந்த வீடு, கொஞ்சம் சேமிப்பு என்ற நிலையில் உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு, வீட்டை மட்டும் ஹிபாவாக முடித்து மற்றதை ஃபராயிளுக்கு விடுவதே பொருத்தம் என்பது என் முடிவு. வீட்டை மகள்களுக்கு எழுதி, வாழ்நாள் அனுபவத்தைக் கணவன் மனைவி இருவருக்கும் நிறுத்திக்கொண்டால், மனைவி கூரையை இழக்க மாட்டார். எஞ்சிய சேமிப்பில் உடன்பிறந்தாருக்குப் போவது சிறு தொகையாக இருக்கும், அதை மனநிறைவோடு கொடுக்கலாம். இனிமேல்தான் வீடு வாங்கப்போகிறவர்கள் தொடக்கத்திலேயே மனைவி பெயரையும் பத்திரத்தில் சேர்த்துவிடலாம். அவருடைய பாதி கணவரின் சொத்தில் வராது. ஆனால் அவர் மௌத்தானால் அந்தப் பாதியில் அவருடைய உடன்பிறந்தாருக்கு உரிமை எழும் என்பதால், அவரும் தம் பங்குக்கு ஹிபா எழுத வேண்டும்.

ஒரே மகள், பெற்றோர் இல்லை, உடன்பிறந்தாரோடு பேச்சுவார்த்தை அறுந்துபோன நிலை, சொத்து பல இடங்களில் பல வடிவங்களில் இருக்கிறது, இன்னும் சேர்ந்துகொண்டும் இருக்கிறது என்றால், ஒவ்வொன்றுக்கும் ஹிபா எழுதி முடியாது. இருவரும் மனமொப்பினால், உறவுமுறைத் தடையும் இல்லாவிட்டால், சிறப்புத் திருமணச் சட்டம் அங்கே மற்ற எல்லாவற்றையும்விட முழுமையான ஏற்பாடு.

உடன்பிறந்தவர்களில் யாராவது வறுமையில் இருந்தால், அல்லது விதவைத் தங்கை ஒருத்தி இருந்தால், எந்த வழியைத் தேர்ந்தாலும் அவர்களுக்கென ஒரு பங்கை ஒதுக்குங்கள். அண்ணன் தம்பியைப் பற்றியே பேசும் இந்த விவாதத்தில், எச்சப் பங்கில் தங்கைக்கும் உரிமை உண்டு என்பது மறந்துபோகிறது.

குடும்பத் தலைவருக்குக் கடும் நோய் வந்து நாள் குறிக்கப்பட்ட நிலையில்தான் பலர் பத்திரம் எழுத ஓடுகிறார்கள். மரண நோயில் வாரிசுக்கு எழுதும் ஹிபா, வஸிய்யத்தின் விதிக்குள் வந்துவிடும். மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் செல்லாது. சிறப்புத் திருமணச் சட்டப் பதிவுக்கும் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. அந்தக் கட்டத்தில் எஞ்சியிருப்பது, பேரன் பேத்திகளுக்கு மூன்றில் ஒரு பங்கு வஸிய்யத் எழுதுவதும், உடன்பிறந்தாரை அழைத்து உரிய தொகை கொடுத்து எழுத்தில் தீர்த்துக்கொள்வதும் மட்டுமே. ஆகவே ஹிபாவைத் தேர்ந்தவர்கள் உடல் நலத்தோடு இருக்கும்போதே, மூத்த மகளின் திருமணப் பேச்சுத் தொடங்குவதற்கு முன்பே, மத்ஹபு அறிந்த ஓர் ஆலிமையும் சொத்து வழக்கில் பழகிய ஒரு வழக்கறிஞரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பத்திரத்தின் வாசகத்தை முடிவுசெய்துவிடுவது நல்லது.